மூன்றாம் நம்பர் டேங்க்

சோல்வேயின் இடது குதிகால் காலை பத்து மணிக்கே எரிய ஆரம்பித்துவிட்டது. வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு விடியற்காலை ஐந்திலிருந்து சிமெண்டுத் தரையில் நின்றால் எரியாமல் என்ன செய்யும்? இருபத்திரண்டு வருஷம் மீன் டப்பா ஃபேக்டரியில் நின்ற கால் அது. அங்கே மீன் குடல் நாற்றம். இங்கே ஈஸ்ட் புளிப்பும் கோழிக்கூண்டு வாடையும் கலந்த ஒரு நாற்றம். தரை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வலது காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு மூன்றாம் நம்பர் டேங்கின் முள்ளைப் பார்த்தாள். முப்பத்தேழு டிகிரி. மனுஷ உடம்பின் சூடு. நோட்டில் எழுதினாள்.

டேங்குக்குள்ளே ஆயிரம் லிட்டர் குழம்பில் பாக்டீரியா பெருகிக்கொண்டிருந்தது. மனுஷக் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாதான். அதற்குள் மனுஷ ஈரலின் ஒரே ஒரு ஜீனைச் செருகியிருந்தார்கள். ஈரல் செய்து ரத்தத்தில் அனுப்பும் ஒரு புரதத்தை இப்போது அந்தப் பாக்டீரியா செய்தது. கம்பெனியில் அதற்கு ஆல்ஃபா என்று பெயர். நுரையீரலை அரித்துத் தின்னவிடாமல் காப்பது அந்தப் புரதம்தான்.

ஜீனைச் செருகியவள் மாடியில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் மாரிட். சோல்வேயின் ஒரே மகள். அப்பா செத்த பிறகு அம்மாவுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"ஏன் கிழவி, இன்னிக்கு ரெண்டு ஃபிளாஸ்க்கு?" குழாய் கழுவிக்கொண்டிருந்த நில்ஸ்ட்ரோம் கேட்டான். "ஒரு நார்வேக்காரி ஒரு நாளைக்கு எவ்வளவுதான் காப்பி குடிப்பா?"

"ஸ்வீடன்காரன் பக்கத்துல எட்டு மணி நேரம் நிக்கணும்ல. ஒண்ணு பத்தாது."

சிரித்தான். "சாயங்காலம் ஊர்வலத்துல உன் கொழுந்தன் ஹால்வர்தானே கொடி பிடிக்கிறான்? மூச்சு வாங்குதுன்னு பேசிக்கிறாங்களே."

"பிடிப்பான்."

"உன் வீட்டுக்காரன் பிடிச்ச மாதிரி வருமா? சிவெர்ட் கையில கொடி ஆடவே ஆடாது. நல்ல மனுஷன், போயிட்டான்."

"எங்க போயிட்டான்? சர்ச் மண்ணுலதான் இருக்கான். முழுசா இருக்கான்." சோல்வே நோட்டை மூடினாள். "எங்கப்பாவுக்கும் எங்கண்ணனுக்கும் பேர் வெட்டின கல்லு மட்டும்தான் இருக்கு. கீழ ஒண்ணுமில்ல. அலாஸ்கா கடல் கொண்டுபோச்சு. எங்க வீட்டுல முழு ஆளாப் புதைச்சது சிவெர்ட் ஒருத்தனைத்தான்."

நில்ஸ்ட்ரோம் குழாய்ப் பக்கம் திரும்பினான். நார்வே மீனவர்கள் வந்து குடியேறிய பாலார்டில் கடல் ஆள் கொண்டுபோகாத வீடு குறைவு.

போன வெள்ளிக்கிழமை ஹால்வரோடு ஆஸ்பத்திரிக்குப் போனவளும் சோல்வேதான். ஹால்வருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணி தவிர யார் போவார்கள்? பத்தொன்பது வருஷம் துறைமுகத்துக் கோதுமைக் கிடங்கில் தூசி தின்றவன். தூசியால் வந்த இளைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். டாக்டர் வேறு மாதிரி சொன்னார். ஈரல் ஆல்ஃபாவைச் செய்கிறது, ஆனால் தப்பாகச் செய்கிறது. ஈரலுக்குள்ளேயே அது கட்டிக்கொண்டு நிற்கிறது. நுரையீரலுக்கு வந்து சேர்வதில்லை. பிறவியிலேயே வந்த கோளாறு. உங்கள் ஊர்ப்பக்கத்து ரத்தத்தில் கொஞ்சம் அதிகம்.

"மருந்து?" என்று ஹால்வர் கேட்டான்.

"எங்கெங்கேயோ செய்து பார்க்கிறார்கள். வெளியே வர நாலைந்து வருஷம் ஆகும்."

"எனக்கு எத்தனை வருஷம்?"

"இப்படியே போனால் இரண்டு."

சோல்வே பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த 'எங்கெங்கேயோ' எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தினமும் அதற்குப் பக்கத்தில்தான் அவள் குதிகால் எரிகிறது.

பன்னிரண்டே முக்காலுக்குக் குளிர் அறைக்குள் போனாள். தட்டுகளில் வரிசை வரிசையாகச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள். வடிகட்டி, பிரித்து, கழுவின ஆல்ஃபா. முதல் மூன்று வரிசை லேசாகக் கலங்கியிருந்தது. நாலாவது வரிசை ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. டப்பா ஃபேக்டரியில் உப்புத் தண்ணீரைப் பார்த்தே சரக்கைச் சொல்வாள். கலங்கினால் கொட்டு. தெளிந்தால் அடை. அந்தக் கண்ணோடு நாலாவது வரிசையில் ஒரு பாட்டிலை எடுத்து, பனிக்கட்டி நிரப்பின இரண்டாவது ஃபிளாஸ்க்கில் போட்டு மூடினாள்.

வெளியே வந்தபோது நில்ஸ்ட்ரோம் நின்றுகொண்டிருந்தான். ஃபிளாஸ்க்கைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பிக் கழுவின குழாயையே மறுபடி கழுவினான்.

*

மாடியில் இருட்டறையில் மாரிட் ஈர ஃபிலிமை விளக்குப் பெட்டி மேல் ஒட்டினாள்.

ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள். நாலு வரிசை; ஏ, சி, ஜி, டி என்று எழுத்துக்கு ஒரு வரிசை. கீழிருந்து மேலாகப் படித்தால் ஜீனின் எழுத்துகள் வரும். போன வருஷம் இந்த ஜீனைப் பிடித்தபோது இரண்டு முனைகளைத்தான் படித்தார்கள். நடுவே ஒரு பெரிய துண்டு படிக்காமலே கிடந்தது. கலிஃபோர்னியாவில் இன்னொரு கம்பெனி இதையே செய்துகொண்டிருந்தது. "முனை ரெண்டும் சரின்னா நடுவும் சரியாத்தான் இருக்கும். டேங்கில் ஏத்து" என்றார் மேலாளர் ப்ரூயிட். மாரிட்டும் ஏற்றினாள். புரதம் வந்தது. பாக்டீரியாவுக்குள் கட்டி கட்டியாக வந்தது. பாக்டீரியா மனுஷப் புரதத்தைக் கட்டியாக்குவது வழக்கம் என்று எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள்.

இப்போது கட்டுரை எழுத நடுத்துண்டும் வேண்டும். ஸ்கேலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள்.

முந்நூற்று நாற்பத்திரண்டாம் இடத்தில் நின்றாள். ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருந்தது.

ஒரே எழுத்து. மறுபடி கீழிருந்து வந்தாள். மூன்று தடவை. மூன்று தடவையும் ஏ.

அந்த இடத்தில் அந்தத் தப்பு என்றால் அது எந்த நோய் என்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். போன வெள்ளிக்கிழமை டாக்டர் சித்தப்பாவுக்குச் சொன்ன நோய். ஒரு வருஷமாக மூன்றாம் நம்பர் டேங்கில் அவர்கள் வளர்த்தது மருந்தை அல்ல. அந்தக் கோளாறையே வளர்த்திருக்கிறார்கள்.

மாரிட் இருட்டறைக் கதவைத் தாழிட்டாள். எழுத்து தப்பாக இருந்ததற்காக அல்ல. அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த ஜீனை எடுத்த ஈரலின் மிச்சம் உறைபெட்டியில் இருந்தது; அதன் சீட்டில் 'ஆண், ஐம்பத்தொன்று, விபத்து' என்று மட்டும் எழுதியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் சாரத்திலிருந்து அப்பா விழுந்தார். மூன்று நாள் மெஷின் மூச்சு விட்டது. மூளை போய்விட்டது என்றார்கள். புதைக்கும்போது போட ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வர அம்மா வீட்டுக்குப் போனாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாரிட் கையெழுத்துப் போட்டாள். ஈரல் உடனே வேண்டும், உயிர் போன பிறகு கொஞ்ச நேரம் தாமதித்தாலும் அதிலுள்ள ஜீனின் செய்தி எல்லாம் அழுகிப்போகும். முப்பது கிராம். திரவ நைட்ரஜனில் போட்டபோது புஸ்ஸென்று புகை வந்தது. மனைவி கையெழுத்துப் போட வேண்டிய இடம் அது. மகள் போட்டாள்.

அம்மா சட்டையோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை வாங்கி அப்பாவுக்கு மாட்டி, வயிற்றுத் தையல் தெரியாதபடி பொத்தானை எல்லாம் போட்டுவிட்டார்கள்.

எப்போதாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று.

ஃபிலிமுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ப்ரூயிட்டுக்கு என்ன சொல்வது, கட்டுரை என்ன ஆகும், தன் பெயர் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாள். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் மூன்றரை மணிக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "சோதனைக்கு வச்சிருக்கிற உங்க குரங்குக்கு எல்லாம் எவ்வளவு ஊசி போடுவீங்க? எடைக்குத் தகுந்த மாதிரியா?" மாரிட் சிரித்துக்கொண்டே சொன்னாள். கிலோவுக்கு இவ்வளவு என்று. அம்மா உதட்டுக்குள் ஏதோ பெருக்கினாள்.

டேங்க் அறைக்கு ஃபோன் போட்டாள். நில்ஸ்ட்ரோம் எடுத்தான்.

"எங்கம்மா இருக்காங்களா?"

"ஒரு மணிக்கே போயாச்சு. ரெண்டு ஃபிளாஸ்க்கையும் பத்திரமாத் தூக்கிக்கிட்டு."

மாரிட் மேஜையில் கார்ச் சாவியைத் தேடி எடுத்தாள்.

"மாரிட், நான் எதையும் பாக்கல. கேட்டியா? ஆனா நாலாவது வரிசையில ஒரு பாட்டில் குறையுது."

நாலாவது வரிசை கடைசிக் கழுவலுக்குப் போகாத சரக்கு. பாக்டீரியாவின் தோல் உடைந்து கரைந்த விஷம் அதில் அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி இருக்கும்.

*

ஊர்வலத்துக்காக மார்க்கெட் தெருவை அடைத்துவிட்டார்கள். மாரிட் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஓடினாள். சிவப்புப் பாவாடையும் மார்பில் வெள்ளிப் பதக்கமுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். வாத்தியக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மே பதினேழு, நார்வேயின் தேசிய நாள். ஊரே சிரித்தது.

ஹால்வரின் சமையலறையில் காப்பி வாசனை. கறுப்புக் கோட்டும் ரிப்பனுமாக அவன் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கொடிக்கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. சோல்வே தொட்டியில் ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா," என்றான் ஹால்வர். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. "ஸ்வீடன்காரன் துரத்தினானா? இப்படி ஓடி வர்ற."

"போட்டாச்சா?"

சோல்வே திரும்பவில்லை. "மூணே காலுக்கு. இடுப்புல. மீன் கப்பல்ல சமைச்ச காலத்துல எத்தனை பேருக்குப் பெனிசிலின் போட்டிருக்கேன். சுத்தமாத்தான் போட்டேன். கொதிக்க வைக்கல. வச்சா முட்டை மாதிரித் திரிஞ்சுடும், அதுவும் தெரியும்."

"எதைப் போட்டே?"

"தெளிஞ்சதை."

மாரிட் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து.

"சித்தப்பா, எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் குளிருது, அவ்வளவுதான்."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவன் நெற்றியில் வேர்வை இருந்தது.

"அம்மா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. இப்பவே. அதுல விஷம் இருக்கு, பாக்டீரியா விஷம். கடைசிக் கழுவு கழுவாதது. ஜுரம் தூக்கும். இவர் நுரையீரல் தாங்காது."

சோல்வே கேள்வி கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். விலாசத்தைத் தெளிவாகச் சொன்னாள். வைத்தாள். "தெரு அடைச்சிருக்காம். முக்கு வரைக்கும்தான் வருமாம்." பிறகு மகளைப் பார்த்தாள். "விஷம் போனா, மருந்தாவது வேலை செய்யுமில்ல?"

பொய் சொல்ல அது நல்ல இடம். மாரிட் அதை விட்டுவிட்டாள்.

"செய்யாதும்மா. அந்த ஆல்ஃபாவே தப்பு. இன்னிக்குத்தான் படிச்சேன். சித்தப்பா உடம்புல இருக்கிற அதே தப்பு. அதே எழுத்து."

"அதெப்படி? எவனோ ஊர் பேர் தெரியாதவன் ஈரல்னுதானே சொன்ன. அவனுக்கும் இவனுக்கும் அதே கோளாறா?"

மாரிட் அப்பா பிடித்த அந்தக் கொடிக்கம்பைப் பார்த்தாள்.

"யாரு ஈரல்டி அது?"

ஹால்வர்தான் முதலில் புரிந்துகொண்டான். கோப்பையை மேஜையில் வைக்கப் போனான். கோப்பை தட்டில் தடதடவென்று அடித்தது.

"அப்பாவுது," என்றாள் மாரிட். "நீ சட்டை எடுக்கப் போனப்போ. முப்பது கிராம்."

சோல்வே துண்டை நாலாக மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

"ஒரு வருஷமா அந்த டேங்குக்கு நான் சூடு பாத்திருக்கேன்," என்றாள். "முப்பத்தேழு. முப்பத்தேழு. தினம் எழுதியிருக்கேன். உனக்குத் தெரியும். மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தே."

"அம்மா..."

"முழுசாப் புதைச்சேன்னு இன்னிக்குக் காலையில கூட ஒருத்தன்கிட்ட சொன்னேன்."

அப்போதுதான் ஹால்வரின் நாற்காலி சுவரில் மோத ஆரம்பித்தது. பல் பல்லோடு அடித்தது. தோளும் முழங்காலும் தனித்தனியாகக் குதித்தன. கொடிக்கம்பு வழுக்கி விழுந்தது. அவன் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"அந்தப் பக்கம் பிடி," என்றாள் சோல்வே.

நாற்காலியோடு தூக்கினார்கள். அம்மா முன்னால், மகள் பின்னால். வாசலில் மூன்று படி. சோல்வேயின் குதிகால் ஒவ்வொரு படியிலும் மடங்கியது; அவள் நிற்கவில்லை. தெருவில் கூட்டம் விலகி வழி விட்டது. கோட்டும் ரிப்பனுமாக நாற்காலியில் ஆடிக்கொண்டு வருகிறவனைப் பார்த்து யாரோ கை தட்டினார்கள்.

"ஹால்வர், ஊர்வலம் ஆறு மணிக்குடா! அதுக்குள்ளயே தண்ணி ஏத்திட்டியா?"

பத்துப் பேர் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண் காகிதக் கொடியை ஆட்டினாள். ஹால்வர் ஒரு கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தான். கை சொன்னபடி கேட்கவில்லை.

முக்கில் ஆம்புலன்ஸ் நின்றது. ஹால்வருக்கு மூச்சு முகமூடியைப் பொருத்திக்கொண்டே அதில் வந்த ஆள் கேட்டான்: "என்ன சாப்பிட்டார்? என்ன மருந்து எடுத்தார்?"

ஹால்வர் முகமூடிக்குள்ளிருந்து தலையை ஆட்டினான். "சொல்... சொல்லாதீங்க அண்ணி... வேலை போயிடும்..."

"ஊசி நான்தான் போட்டேன்," என்றாள் சோல்வே. "வேலை செய்யற இடத்துலேர்ந்து திருடினது. மிச்சத்தை இவ சொல்லுவா. இவதான் செஞ்சா."

மாரிட் சொன்னாள். பாக்டீரியாவின் பெயர், விஷத்தின் பெயர், அளவு, நேரம், கம்பெனியின் பெயர். அந்த ஆள் எழுதிக்கொண்டே இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தான். பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

"ஒருத்தர்தான் ஏறலாம்."

சோல்வே ஏறினாள். கதவை இழுக்கப் போனவள் நிறுத்தினாள்.

"மிச்சம் இருக்கா?"

எதைக் கேட்கிறாள் என்று மாரிட்டுக்குத் தெரிந்தது. "இருக்கு. பதினோரு கிராம். உறைபெட்டியில."

"நாளைக்குக் காலையில கொண்டு வா. பாதிரிகிட்ட நான் பேசிக்கிறேன். சிவெர்ட் கூட வைக்கணும்."

"அம்மா, அப்பாவுக்கு நுரையீரல் நல்லாத்தானே இருந்துச்சு. எல்லாருக்கும் இந்த ஜீன் ரெண்டு இருக்கும்; அப்படின்னா அவர்கிட்ட நல்ல எழுத்துள்ளது ஒண்ணும் இருந்திருக்கணும். எங்க கையில கெட்டது மாட்டிக்கிச்சு. அந்தப் பதினொண்ணுலேர்ந்து மறுபடி தேடினா நல்லது கிடைக்கும். சித்தப்பா பிழைச்சு வந்தா அவருக்கு வேண்டியது அதுலதான்மா இருக்கு."

முகமூடிக்குள் ஹால்வரின் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சோல்வே அவன் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்தாள், ஆட்டத்தை நிறுத்துகிற மாதிரி. ஆட்டம் அவள் தோள் வரைக்கும் ஏறியது.

"மறுபடியும் என்னைக் கேக்காம எடுக்கப் போறியா?" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. பின்னால் வாத்தியம் சுருதி சேர்ந்து முதல் பாட்டை எடுத்தது. ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. காலி நாற்காலி மாரிட்டின் பக்கத்தில் நடுத்தெருவில் கிடந்தது.

அவள் அம்மாவுக்குத் தர வேண்டியது முப்பது கிராம். உறைபெட்டியில் இருப்பது பதினொன்று. பத்தொன்பது கிராமை இனி யாராலும் தர முடியாது.